மான் சீசனில் ஒரு கயோட்டி

நான்காவது ஆட்டுக்குட்டியும் போன காலையில் லாவோன் அழவில்லை. ஆர்லோவைப் பயமுறுத்தியது அதுதான். முதல் குட்டி போனபோது அழுதாள். இரண்டாவது போனபோது, குட்டிகளைக் கவ்விக்கொண்டு போகும் ஓநாய் ஜாதிக் கயோட்டியின் வம்சத்தையே இழுத்து வைத்துத் திட்டினாள். மூன்றாவதுக்கு ஆர்லோவைத் திட்டினாள். நான்காவதுக்கு இது எதுவும் இல்லை. ஓடைப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள், கையைக் கழுவினாள், யாருக்கோ போன் செய்தாள், இரண்டு கோப்பையில் காபி ஊற்றிக்கொண்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"சனிக்கிழமை ஏலத்துக்கு லாரி வரச் சொல்லிட்டேன். மொத்த மந்தையும் போகுது."

"மொத்தமுமா?"

"பால் புட்டி கொடுத்து வளர்த்து கயோட்டிக்கு ஊட்டி விடுறதுக்கு நான் என்ன அதுக்கு அத்தையா? ஆடு போனதும் நான் அரிசோனாவுக்கு அக்கா வீட்டுக்குப் போறேன். அங்க பனி கிடையாது, சேறு கிடையாது. ஒரு ரூம் காலியா இருக்காம். நீ வர்றதுன்னா வா. வரலன்னா இங்கயே இரு."

ஆர்லோ டெஷ் நல்லவன். அதில் ஊரில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அவனிடம் மழை வருமா என்று கேட்டால், மழையில் டிராக்டரை எந்தச் சாலையில் ஓட்டலாம், எதில் ஓட்டக் கூடாது என்று ஆரம்பித்துவிடுவான். சட்டதிட்டம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒவ்வொரு ஆகஸ்டிலும் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், புதிதாக வேட்டைத் துப்பாக்கி எடுக்கிறவர்களுக்குப் பாடம் நடத்துவது அவன்தான். மனசில் இருப்பதைச் சொல்வதற்கு மட்டும் அவனுக்கு எந்த விதியும் தெரியாது. கல்யாணம் பண்ணிக்கலாமா என்று கேட்டதுகூட லாவோன்தான். அவன் 'சரி' என்றதற்கே அவள் ஒரு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போதும் 'போகாதே' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அவள் இல்லாத அந்தச் சமையலறையை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"கயோட்டி வேட்டைக்கு வருஷம் பூரா சீசன் திறந்திருக்கு."

லாவோன் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "அப்போ போய்ச் சுடு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

ஆர்லோ உற்சாகமாக ரைஃபிளை எடுத்துத் துடைத்தான். கயோட்டி செத்தால் குட்டி பிழைக்கும், குட்டி பிழைத்தால் மந்தை நிற்கும், மந்தை நின்றால் லாவோன் நிற்பாள். கணக்கு இவ்வளவுதான். பழக்கதோஷத்தில், கிளம்பும் முன் அந்த வருடத்து வேட்டை விதிப் புத்தகத்தை ஒரு புரட்டுப் புரட்டினான். 'கயோட்டி: வருடம் முழுவதும்' என்று இருந்தது. நிம்மதியாக மூடியிருக்கலாம். ஆர்லோவால் அது முடியாது. கீழே பொடி எழுத்தில் இருந்ததையும் படித்தான்.

மான் சீசன் நடக்கும் நாட்களில் கயோட்டி சுடப் போகிறவனிடம் செலவாகாத மான் சீட்டு, அதாவது ஒரு மானைச் சுடுவதற்கான அனுமதிச் சீட்டு, இருக்க வேண்டும். துப்பாக்கியும் மானுக்கு அனுமதித்த துப்பாக்கியாகவே இருக்க வேண்டும். எங்கள் மாவட்டத்தில் அது ஷாட்கன், அதுவும் ஒற்றைக் குண்டுத் தோட்டா போட்டது. ரைஃபிளுக்கு இடமே இல்லை. மற்ற வேட்டைக்காரர்கள் கண்ணில் படும்படி தலையிலும் மார்பிலும் ஆரஞ்சு நிறம் இருக்க வேண்டும்.

மான் சீசன் போன சனிக்கிழமைதான் தொடங்கியிருந்தது. அன்று காலை வெயில் வருவதற்குள்ளேயே ஆர்லோ ஒரு பெரிய கொம்பு மானைச் சாய்த்து, தன் ஒரே மான் சீட்டை அதன் கொம்பில் கட்டிவிட்டான். அதோடு சும்மா இருந்தானா? பிக்கப்பின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கொம்பு வெளியே தெரிய, கடைத்தெருவை மூன்று முறை சுற்றி வந்தான். இப்போது அந்தக் கொம்பு கொட்டகைச் சுவரில் ஜம்மென்று தொங்கிக்கொண்டிருந்தது. ஆர்லோவின் கை கட்டப்பட்டுவிட்டது.

இருந்தாலும் நப்பாசை யாரை விட்டது? வேட்டை அதிகாரி ஜோலீன் ரூடுக்குப் போன் போட்டான்.

"ஜோலீன், ஆர்லோ பேசுறேன். ஒரு சின்ன சந்தேகம்."

"உங்களுக்கா? விதியையே எனக்குச் சொல்லிக் கொடுக்கிற ஆளாச்சே நீங்க. கேளுங்க."

"ஒருத்தர் மான் சீட்டைச் செலவு பண்ணிட்டார்னு வச்சுக்குங்க. அவர் இந்த வாரம் கயோட்டி வேட்டைக்குப் போகலாமா?"

"அந்த ஒருத்தர் கொம்பை வெளிய நீட்டிக்கிட்டு என் ஆபீஸ் வாசல்ல மூணு தடவை போனாரே, அவரா?"

"பொதுவாத்தான் கேட்கிறேன்."

"பொதுவா, கூடாது. சீசன் முடியிற வரைக்கும் துப்பாக்கியோட வயல்ல கால் வைக்கக் கூடாது."

"சும்மா ஊதலாமா? துப்பாக்கி இல்லாம, கயோட்டியைக் கூப்பிடுற ஊதுகுழல் மட்டும்?"

"ஊதுங்க. தாராளமா ஊதுங்க. ஆரஞ்சு போட்டுக்கிட்டு ஊதுங்க."

ஆட்டுக்குட்டி போனதைப் பற்றி அவன் மூச்சு விடவில்லை. நான்கு குட்டியைப் பறிகொடுத்துவிட்டுக் கை பிசைந்து நிற்கிறான் என்று வேட்டைப் பாடம் நடத்துகிறவனைப் பற்றி ஊர் பேசுவதா? கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே.

இனி ஒரே வழி டெல்பர்ட். லாவோனின் அண்ணன். பக்கத்துப் பண்ணை. வருடா வருடம் மான் சீட்டு வாங்குவான், மரத்தில் பரண் கட்டுவான், பரணில் ஏறியதும் தூங்கிவிடுவான். அவன் சீட்டு செலவானதாகச் சரித்திரம் இல்லை. கூப்பிட்ட உடனே ஓடி வந்தான், கையில் ரைஃபிளோடு.

"மச்சான், ரைஃபிள் ஆகாது. மான் சீசன்."

"நாம போறது மானுக்கு இல்லையே மாப்ளே."

"கயோட்டிக்கும் அதே சட்டம்தான்."

"கயோட்டிக்குத் தெரியுமா அது?"

டெல்பர்ட் வீட்டுக்குப் போய் ஷாட்கன் எடுத்து வந்தான். ஆர்லோ தோட்டாவைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தான். அது வாத்துக்குப் போடுகிற பொடிக் குண்டு. டெல்பர்ட் மறுபடி போனான். சரியான தோட்டாவோடு வந்தான். மேலங்கி ஆரஞ்சு, தொப்பி பழுப்பு. மூன்றாவது முறை போனவன் ஆரஞ்சுத் தொப்பியோடு திரும்பியபோது மதியச் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டிருந்தது. லாவோன் மூன்று தட்டு வைத்தாள்.

"உன் வீட்டுக்காரன் வேட்டைக்குக் கூப்பிட்டானா, இல்ல என் வண்டியில பெட்ரோலைத் தீர்க்கக் கூப்பிட்டானா?" என்று டெல்பர்ட் கேட்டான்.

"எனக்குத் தெரிஞ்சு ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள் லாவோன்.

மறுநாள் வியாழக்கிழமை காலை இருவரும் இறங்கினார்கள். ஏற்பாடு தெளிவானது. டெல்பர்ட் துப்பாக்கியோடு காற்றாலைக்குக் கீழே அசையாமல் உட்கார வேண்டும். ஆர்லோ ஓடைக்கு இந்தப் பக்கம் தேவதாருப் புதரில் பதுங்கி ஊத வேண்டும். அடிபட்ட முயல் கத்துவதைப் போல ஒரு ஊதுகுழல், கயோட்டியைப் போலவே ஊளையிட ஒரு ஊதுகுழல், இரண்டும் ஆர்லோவிடம் உண்டு. இந்த வட்டாரத்தில் தன்னைப் போல் ஊத ஆளில்லை என்பது அவன் எண்ணம். இல்லை, தன்னைப் போல்தான் ஆளில்லை என்பது டெல்பர்ட்டின் எண்ணம். அதைப் பற்றி இரண்டு பேரும் இதுவரை பேசிக்கொண்டதில்லை.

ஆர்லோ முயலாகக் கத்திப் பார்த்தான். ஒன்றும் இல்லை. ஊளைக்கு மாறினான். சற்று நேரத்தில் வடக்கே இருந்து பதில் ஊளை வந்தது. ஆர்லோவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கொஞ்சம் தடித்த குரல், கிழட்டு ஆண். 'இவன்தான் நம் குட்டியைத் தின்றவன்' என்று முடிவு கட்டி, குட்டிக் கயோட்டி சிணுங்குவதைப் போல நைசாக ஒரு ஊளை விட்டான். பதில் இன்னும் கிட்டத்தில் கேட்டது. ஆர்லோ சோளத் தாள்களுக்கு நடுவே குப்புற விழுந்து ஊர்ந்தான். ஊர்வதும் ஊதுவதுமாக ஓடைக்கரை வரை போய்விட்டான். முழங்கால் சேற்றில் ஊறியது, மூக்கு ஒழுகியது. ஆனாலும் அந்தக் கிழட்டுக் கயோட்டி விடவில்லை. அதுவும் ஊளையிட்டுக்கொண்டே நெருங்கி வந்தது. இவ்வளவு பாசமான கயோட்டியை ஆர்லோ தன் ஆயுளில் பார்த்ததில்லை.

கடைசிப் புதரை விலக்கினான். எதிரே ஒரு முழ தூரத்தில் டெல்பர்ட்டின் முகம். வாயில் ஊதுகுழல்.

இரண்டு ஆரஞ்சுத் தொப்பிகளும் ஒன்றையொன்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தன.

"உன்னைக் காற்றாலைக்குக் கீழதானே உட்காரச் சொன்னேன்!"

"அங்க குளிருது மாப்ளே. வெயில் பக்கமா நகர்ந்தேன்."

"உன்னை யாரு ஊதச் சொன்னது?"

"நீ ஊதினது எடுபடல. சரி, நம்ம சரக்கைக் காட்டுவோம்னு…" டெல்பர்ட் ஊதுகுழலைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டான். "ஆனா ஒண்ணு மாப்ளே. அந்தக் கடைசிச் சிணுங்கல் இருக்கே, எனக்கே கண்ணு கலங்கிடுச்சு."

ஆர்லோவுக்குக் கோபம் தலைக்கேறியிருந்தாலும், பாராட்டு பாராட்டுதானே. "உன் குரலும் மோசமில்ல" என்றான். "நல்ல கிழட்டுக் குரல்."

ஆரஞ்சு போடாமல் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோதுதான் இருவரும் தொப்பியை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுக்கு நடந்தார்கள்.

வீட்டு முற்றத்தில் லாவோன் மடியில் ஒரு குட்டியைப் போட்டுக்கொண்டு அதன் காதைத் தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நசுங்கிய வாளி ஒன்று கிடந்தது.

"வந்துச்சு" என்றாள். "நீங்க ரெண்டு பேரும் அங்க கச்சேரி பண்ணிக்கிட்டு இருந்தப்போ, அது இங்க கொட்டகை வாசலுக்கே வந்துச்சு. உங்க ஊளையை நின்னு கேட்டுச்சு. அப்புறம் இதோட காதைக் கவ்விச்சு. வாளியால ஒண்ணு போட்டேன், விட்டுட்டு ஓடிடுச்சு."

டெல்பர்ட்டுக்குத் திடீரென்று வீட்டு வேலை ஞாபகம் வந்துவிட்டது.

லாவோன் குட்டியை இறக்கிவிட்டு உள்ளே போய்ப் போனை எடுத்தாள். ஆர்லோ சேற்றுக் காலோடு வாசற்படியில் நின்று கேட்டான்.

"ஜோலீன், நான் லாவோன் டெஷ். என் ஆட்டைக் கயோட்டி தின்னுது. நான் என்ன செய்யலாம்?"

அவ்வளவுதான் அவள் கேட்டது. கேட்டுவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே நின்றாள். 'ஓ' என்றாள். 'அப்படியா' என்றாள். 'என் பேர்லதான்' என்றாள். 'ஆளா? ஆள் ஒருத்தர் இருக்கார்' என்று அவனைத் திரும்பிப் பார்த்தாள். போனை வைத்தாள்.

"தன் சொந்த நிலத்துல தன் ஆட்டைத் தின்ன வர்ற கயோட்டியைச் சொந்தக்காரர் எப்ப வேணா சுடலாமாம். மான் சீசன், மான் சீட்டு எதுவும் வேண்டாம். சுட்டுட்டு ஒரு போன் பண்ணிச் சொன்னா போதுமாம். அது வேட்டை இல்ல, காவல்னு சொன்னா. நீ வேட்டைக்குன்னு கேட்டியாமே?"

ஆர்லோவுக்கு மூக்குடைந்தது வெளியே தெரியவில்லை, சேறு மறைத்துக்கொண்டது. "அப்போ நான்…"

"நிலம் என் பேர்ல இருக்கு ஆர்லோ. எங்கப்பா கொடுத்தது. உன் பேரையும் சேர்க்கலாம்னு அப்பவே சொன்னேன். நிலத்துக்காகக் கட்டிக்கிட்டான்னு ஊர் பேசும்னு நீதான் வேண்டாம்னே. சொந்தக்காரர், இல்லன்னா அவர் வச்சிருக்கிற வேலையாள். அவ்வளவுதான் சட்டம். உன்னை வேலைக்கு வச்சுக்கட்டுமா?"

"சம்பளம் என்ன?" என்று அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. முப்பது வருடம் உழுத நிலத்தில் கூலியாளாகத் துப்பாக்கி எடுக்க அவனுக்கு மனசு இடம் கொடுக்கவில்லை. அது அசட்டு ரோஷம் என்று அவனுக்கே தெரியும். "நீயே சுடு" என்றான். "நான் ஊதுறேன்."

வெள்ளிக்கிழமை விடியலில் கொட்டகைக்குப் பின்னால் வைக்கோல் உருளைகளுக்கு நடுவே இருவரும் உட்கார்ந்தார்கள். லாவோன் கொட்டகை வேலைக்குப் போடும் கோட்டில், மடியில் அவள் அப்பாவின் ஷாட்கன். ஆர்லோ தொப்பி முதல் இடுப்பு வரை ஆரஞ்சில். அவனுக்கு அது தேவையே இல்லை என்று அவள் சொல்லியும் கேட்கவில்லை. தரையெல்லாம் உறைபனி. தூரத்துச் சாலையில் மறுநாள் வரப்போகும் லாரியை அவன் இப்போதே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஞாபகம் வச்சுக்கோ" என்று அவன் காதோடு சொன்னான். "அது வந்ததுக்கப்புறம் ஒரு சின்ன சத்தம்கூடக் கூடாது. மூச்சுகூட மெதுவா."

"நீ ஊது."

முயலாகக் கத்தினான். நிறுத்தினான். மறுபடி கத்தினான். சோளத் தாள்களுக்கு அப்பால் ஏதோ அசைந்தது. கயோட்டி வந்தது. ஊரார் சொல்கிற மாதிரி பூதம் ஒன்றும் இல்லை. ஒல்லியான, மஞ்சள் கண் பிராணி. குளிருக்கு ரோமத்தைச் சிலிர்த்துக்கொண்டு, இரண்டடி வைப்பதும் நிற்பதுமாக வந்தது. அதற்குப் பின்னால் வெறும் மண்மேடு, வீடு இல்லை, சாலை இல்லை, ஆடு இல்லை. பாடத்தில் சொல்வதைப் போல அத்தனை சரியான இடம். லாவோன் துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றினாள்.

ஆர்லோ கயோட்டியைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தான். தொப்பிக்குள்ளிருந்து நழுவிய நரைமயிர், குளிரில் சிவந்த காது, துப்பாக்கிக் கட்டையோடு ஒட்டிய கன்னம். அவள் குறி தப்பினால் எல்லாம் முடிந்தது. குறி தப்பாவிட்டாலும், அடுத்த குளிர்காலம் இன்னொரு கயோட்டி வரும். அப்போதும் இவள் போய்விடுவேன் என்று சொல்வாள், அப்போதும் அவன் சீசனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பான். இது அவனுக்கு அந்த நிமிடத்தில் பளிச்சென்று விளங்கிவிட்டது.

"போயிடாத, லாவோன்."

கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டான். கயோட்டியின் காது இரண்டும் திரும்பின. அடுத்த கணம் அங்கே வெறும் மண்மேடு மட்டும் இருந்தது.

லாவோன் துப்பாக்கியை மெல்ல இறக்கினாள். தோட்டாவை வெளியே எடுத்தாள். அதற்குப் பிறகுதான் அவன் பக்கம் திரும்பினாள்.

"இப்ப என்ன சொன்னே?"

"ஒண்ணுமில்ல."

"ஆர்லோ."

"போயிடாதன்னேன்."

"வாயைத் திறக்கக் கூடாதுன்னு ஊருக்கே பாடம் எடுக்கிற ஆளு நீ."

"ஆமா."

"துப்பாக்கி தோள்ல இருக்கு. விரல் விசையில இருக்கு. அது எனக்கு நேரா வந்து நிக்குது. உனக்கு அப்பதான் வாய் வந்துச்சா?"

"அன்னைக்கே சொல்லணும்னுதான் இருந்தேன்."

"அன்னைக்கு, சீசன் திறந்திருக்குன்னு சொன்னே."

"அது… அதுதான் முதல்ல வந்துச்சு."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். வைக்கோலில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது, தண்ணீர் மட்டும் வந்தது. கோட்டுக் கையால் துடைத்துக்கொண்டாள்.

"மூணு நாளா நீ அதைச் சொல்லுவியா சொல்லுவியான்னு பார்த்துக்கிட்டு இருக்கேன். நீ எனக்குத் தோட்டா அளவைப் படிச்சுக் காட்டிக்கிட்டு இருக்கே. ஆட்டுக்காகவா மனுஷி ஊரை விட்டுப் போவா? நான் இல்லாம நீ என்னடா பண்ணுவே?"

"தெரியல" என்றான் ஆர்லோ. "அது புத்தகத்துல இல்ல."

வெயில் ஏறும் வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் கயோட்டி ஒரு தடவை குரல் கொடுத்தது. ஆர்லோவின் கை தானாக ஊதுகுழலுக்குப் போனது. லாவோன் அதைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"லாரி வர வேண்டாம்னு சொல்லிடட்டுமா?" என்று அவன் கேட்டான்.

"வரட்டும். ஆடு ஏறப் போறதில்ல, ஆனா காலியா வர வேண்டாம், வரும்போதே ஒண்ணை ஏத்திக்கிட்டு வரட்டும். ஏலத்துல காவல் கழுதை ஒண்ணு நிக்குதாம், பால்காரி சொன்னா. கயோட்டியைக் கண்டா காலாலயே மிதிச்சுத் துரத்துமாம்."

"கழுதையா?"

"ஆமா. வீட்டுல ஒண்ணு போதல."

ஆர்லோ தன் ஆரஞ்சு மேலங்கியைக் குனிந்து பார்த்தான். "அதுக்கு ஆரஞ்சு கட்டணும். சீசன் இன்னும் முடியல. டெல்பர்ட் சீட்டு வேற மிச்சமிருக்கு" என்றான்.

"கட்டு. நல்லா பெரிசா கட்டு."

சமையலறையில் காபி கொதித்துக்கொண்டிருந்தபோது லாவோன் அரிசோனாவுக்குப் போன் போட்டாள். ஆர்லோ மேசையில் உட்கார்ந்து, ஒரு பழைய ஆரஞ்சு மேலங்கியைப் பிரித்துக் கழுதை அளவுக்கு அளந்துகொண்டிருந்தான்.

"அக்கா, நான் வரல" என்றாள் லாவோன். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "இல்லக்கா, கயோட்டி சாகல. ஆர்லோ பேசிட்டான்."